பச்சையா, நீலமா, சிவப்பா, கறுப்பா? மலைப்பாதையில் மிதிவண்டி!

"சும்மா வாடா, ஒண்ணும் ஆகாது!"

நண்பர்களே, உலகத்தில் அதிகம் பேரைக் கீழே தள்ளிய வாசகம் இதுவாகத்தான் இருக்கும். என்னைத் தள்ளியது நான் இரண்டாம் ஆண்டு படித்தபோது, ஓர் அக்டோபர் மாதம். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் வேலை நின்றுபோன கல்குவாரி ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் லாரிகள் இறங்கிய சரிவில் நாலு பசங்கள் சைக்கிளில் விர்ரென்று இறங்கிப் போனார்கள். ஐந்தாவது ஆள் நான். சைக்கிள் மாமாவுடையது. அதில் பின் பிரேக் மட்டும்தான் பிடிக்கும். பாதிச் சரிவில் பின் சக்கரம் பூட்டிக்கொண்டது, சரளைக்கல் இழுத்தது, வலது மணிக்கட்டு முறிந்தது. அந்த மாதக் கடைசியில் சர்வே பிராக்டிகல். தியோடலைட்டைத் தொடக்கூட முடியவில்லை. அரியர்!

இதில் வலித்தது எது தெரியுமா? மேலே நின்றபோதே "இது நமக்கு மேற்பட்ட சரிவு" என்று எனக்குத் தெரியும். சொல்ல வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

கட்டுப் போட்ட கையோடு வீட்டில் இருந்தபோது, இப்படி இறங்குவதையே ஒரு விளையாட்டாக வைத்திருக்கிற நாடுகளில் எப்படிச் செய்கிறார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். பிறகு நெடுஞ்சாலைப் பொறியியல் செமினாருக்கும் அதையே எடுத்துக்கொண்டேன். படித்ததில் நமக்குப் பயன்படும் என்று பட்டதை இங்கே எழுதுகிறேன். வெளிநாடு போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். என்னிடம் பாஸ்போர்ட்டே கிடையாது!

பழைய சைக்கிளில் பிறந்த விளையாட்டு

மலை மிதிவண்டி, அதாவது மவுன்டன் பைக், பெரிய கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் பிறந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மாரின் கவுண்டி என்ற பகுதியில், 1970-களில் சில இளைஞர்கள் தடித்த டயர் போட்ட பழைய சைக்கிள்களைத் தேடிப் பிடித்து மலைப்பாதையில் இறக்கிப் பார்த்தார்கள். 1976-ஆம் ஆண்டு அக்டோபர் 21 அன்று அங்கே முதல் போட்டி நடந்தது. மூன்றரை கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் ஏறக்குறைய 400 மீட்டர் இறக்கம்! அந்தச் சைக்கிள்களில் பெடலைப் பின்னால் அழுத்தினால் பிடிக்கும் பிரேக்தான் இருந்தது. கீழே வந்து சேர்வதற்குள் பிரேக் சூடேறி, ஹப்பில் இருந்த கிரீஸ் எல்லாம் புகைந்து போகும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த இறக்கம். அதனால் அந்தப் பாதைக்கே 'ரீபேக்' என்று பெயர் விழுந்தது. முதல் போட்டியில் வென்றவர் கீழே விழாமல் வந்த ஆலன் பாண்ட்ஸ் என்பவர். அடுத்த ஆண்டே ஜோ பிரீஸ் என்பவர் மலைக்கென்று ஒரு பிரேமைத் தானே வடிவமைத்துச் செய்தார். இருபது வருஷத்தில், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு சேர்ந்துவிட்டது.

ஆரம்பத்தில் பலகை எதுவும் கிடையாது. தெரிந்தவன் இறங்கினான், தெரியாதவன் விழுந்தான், எங்கள் குவாரி மாதிரியே! ஆட்கள் பெருகப் பெருகத்தான், யாருக்கு எந்தப் பாதை என்று முன்கூட்டியே சொல்ல வேண்டிய அவசியம் வந்தது. அதை எப்படிச் சொல்கிறார்கள் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் ஸ்காட்லாந்து.

ஏழு கற்கள்

பிரிட்டனின் வடபகுதி ஸ்காட்லாந்து. அதன் தெற்கில் அரசு காடுகளில் '7 ஸ்டேன்ஸ்' என்ற பாதைத் தொகுப்பு 2000-களின் தொடக்கத்தில் உருவானது. 'ஸ்டேன்' என்றால் ஸ்காட்லாந்துப் பேச்சில் கல். ஒவ்வொரு மையத்திலும் செதுக்கிய ஒரு கல்லைப் பாதையோரம் வைத்திருக்கிறார்கள். கிளென்டிரஸ் – இன்னர்லீதன், நியூகாசில்டன், ஏ, மேபி, டல்பீட்டி, கிரோட்ரீ, கிளென்ட்ரூல் என்பவை அந்த மையங்கள். கிளென்டிரஸும் இன்னர்லீதனும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து எண்ணுகிறார்கள்.

ஒவ்வொரு காட்டுக்கும் ஒரு குணம். டல்பீட்டி கருங்கல் ஊர். அங்கே வெட்டிய கிரானைட் லண்டன் தேம்ஸ் நதிக்கரைச் சுவர் வரை போயிருக்கிறது. அதனால் அங்குள்ள சைக்கிள் பாதையிலும் பாறைதான் ராஜா. 'ஸ்லாப்' என்று அழைக்கப்படும் செங்குத்தான மொட்டைப் பாறை ஒன்று அங்கே பேர்போனது. கிரோட்ரீயிலும் பெரிய பாறைத் தளங்கள் மேல் சக்கரம் ஓட்டும் இடம் உண்டு. இன்னர்லீதன் செங்குத்து இறக்கத்துக்குப் பெயர் பெற்றது. கிளென்டிரஸில் ஒரே காட்டில் பச்சை முதல் கறுப்பு வரை எல்லாத் தரமும் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் உலக சாம்பியன்ஷிப் கிராஸ்-கன்ட்ரி போட்டி அந்தக் காட்டில்தான் நடந்தது. பிரிட்டனின் டாம் பிட்காக் ஆண்கள் பிரிவில் வென்றார். உலக சாம்பியன் ஓட்டிய அதே காட்டில், நேற்றுதான் பாலன்ஸ் கற்ற சின்னப் பிள்ளைக்கும் ஒரு பாதை இருக்கிறது! எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

நிறங்கள் என்ன சொல்கின்றன?

பிரிட்டனில் பாதைகளை நாலு நிறமாகப் பிரித்திருக்கிறார்கள்.

பச்சை: சுலபம். அகலமான, பெரும்பாலும் சமமான பாதை. சாதாரண உடல்நலம் உள்ள யாரும் போகலாம்.

நீலம்: நடுத்தரம். ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடிகிற ஒற்றையடிப் பாதை இங்கே தொடங்குகிறது. சின்னச் சின்ன வேர், கல் இருக்கும். ஆனால் உருட்டிக்கொண்டே கடந்துவிடலாம்.

சிவப்பு: கடினம். ஏற்றமும் இறக்கமும் கூடும். பெரிய கற்கள், படி போன்ற இறக்கங்கள், மரப்பலகைப் பாலங்கள், சாய்வான வளைவுகள் வரும். தெம்பும் வேண்டும், பழக்கமும் வேண்டும்.

கறுப்பு: மிகக் கடினம். சிவப்பில் உள்ளதெல்லாம் இன்னும் பெரிதாக வரும். சிலவற்றைத் தவிர்க்கவும் முடியாது.

அமெரிக்காவில் கொஞ்சம் வித்தியாசம். அங்கே 1988-இல் தொடங்கிய சர்வதேச மலை மிதிவண்டிச் சங்கம், பனிச்சறுக்கு மைதானங்களில் இருந்த அடையாளத்தையே எடுத்துக்கொண்டது: பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம், அதற்கும் மேலே இரட்டைக் கறுப்பு வைரம். சிவப்பே கிடையாது. ஆகவே ஒரு நாட்டுக் கறுப்பும் இன்னொரு நாட்டுக் கறுப்பும் ஒன்றென்று நினைத்துக் கிளம்பக் கூடாது.

"யாரோ நினைச்சபடி நிறம் அடிச்சிருப்பாங்க" என்று சொல்லாதீர்கள். அளவு இருக்கிறது! அந்தச் சங்கத்தின் வழிகாட்டி அங்குலத்தில் சொல்வதை நான் சென்டிமீட்டராக மாற்றித் தருகிறேன்.

பச்சை: அகலம் 90 செ.மீ. அல்லது அதற்கு மேல்; சராசரிச் சரிவு 5 சதவீதத்துக்குள்; தவிர்க்க முடியாத தடையின் உயரம் 5 செ.மீ.க்குள்.

நீலம்: அகலம் 60 செ.மீ. அல்லது அதற்கு மேல். சரிவு 10 சதவீதத்துக்குள். தடை 20 செ.மீ.க்குள்.

கறுப்பு வைரம்: அகலம் 30 செ.மீ. அல்லது அதற்கு மேல். சரிவு 15 சதவீதத்துக்குள். தடை 38 செ.மீ.க்குள்.

இரட்டை வைரம்: அகலம் 15 செ.மீ. இருந்தாலே போதும், சரிவு 20 சதவீதமோ அதற்கு மேலோ, தடை 38 செ.மீ.யைத் தாண்டலாம்.

ஒன்றைக் கவனித்தீர்களா? இதில் ஓட்டுகிறவனைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அளக்கப்படுவது பாதைதான், ஆள் இல்லை. "நீ பச்சைக்குத்தான் லாயக்கு" என்று பலகை சொல்வதில்லை. "இங்கே 20 செ.மீ. கல் வரும், யோசித்துக்கொள்" என்று மட்டும் சொல்கிறது.

பாதை போடுவதும் நம்ம வேலைதான்!

சிவில் நண்பர்களுக்கு இந்தப் பகுதி இனிக்கும். காட்டுப் பாதைக்கு முதல் எதிரி சைக்கிள் அல்ல, தண்ணீர். மலைச்சரிவில் நேர்கீழாகப் பாதை போட்டால் முதல் மழையிலேயே அது வாய்க்கால் ஆகிவிடும். அதனால் பாதையைச் சரிவுக்குக் குறுக்காக, சமமட்டக் கோட்டை ஒட்டிக் கொண்டுபோகிறார்கள். நாம் லெவலிங் பண்ணி கான்டூர் வரைகிறோமே, அதேதான்.

இதில் 'பாதி விதி' என்று ஒன்று உண்டு. பாதையின் சரிவு, அது போகும் மலைப்பக்கத்தின் சரிவில் பாதியைத் தாண்டக் கூடாது. மலைப்பக்கம் 20 சதவீதச் சரிவு என்றால் பாதை 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். தாண்டினால் தண்ணீர் பாதையைக் குறுக்கே கடந்து போகாமல் பாதையிலேயே ஓட ஆரம்பிக்கும். இது போக, பாதையின் வெளிப்பக்கத்தைச் சுமார் 5 சதவீதம் தாழ்த்துவார்கள். இறங்கிக்கொண்டே போகிற பாதையை அங்கங்கே சிறிது தூரம் ஏற வைத்து, அந்தப் பள்ளத்தில் தண்ணீரை வெளியே தள்ளிவிடுவார்கள். மழை அதிகமான ஸ்காட்லாந்தில் பல இடங்களில் கல் பாவி, உடைகல் போட்டு இறுக்கியிருக்கிறார்கள்.

அடுத்து வளைவு. சாலையில் சூப்பர் எலிவேஷன் படித்தோமே, அதை இங்கே 'பெர்ம்' என்பார்கள். மண்ணைக் கிண்ணத்தின் ஓரம் மாதிரி உயர்த்திக் கட்டிய வளைவு. உராய்வை நம்பாமல் திரும்ப வேண்டுமானால் சாய்வுக் கோணத்தின் டேஞ்சன்ட், வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தாலும் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் வகுத்தால் வரும் எண்ணுக்குச் சமம். வளைவின் ஆரம் 5 மீட்டர், வேகம் மணிக்கு 18 கி.மீ., அதாவது நொடிக்கு 5 மீட்டர் என்று வையுங்கள். 25-ஐ 49-ஆல் வகுத்தால் 0.51, கோணம் சுமார் 27 டிகிரி. வேகத்தை இரண்டு மடங்காக்குங்கள். 100-ஐ 49-ஆல் வகுத்தால் 2.04, கோணம் சுமார் 64 டிகிரி! வேகம் இரண்டு மடங்கு, ஆனால் வளைவு கிட்டத்தட்டச் சுவராக நிற்க வேண்டும். நீலத்துக்குக் கட்டிய பெர்மில் கறுப்பு வேகத்தில் போனால் என்ன ஆகும் என்று இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது.

நிறத்துக்கு நிறம் என்ன கற்க வேண்டும்?

பச்சையில் நிற்கக் கற்க வேண்டும். ஆமாம், நிற்க! இறக்கத்தில் சீட்டில் உட்கார்ந்து வருபவனுக்குக் குலுக்கல் எல்லாம் முதுகில் ஏறும். பெடல் இரண்டையும் ஒரே மட்டத்தில் வைத்து, அதன் மேல் எழுந்து நின்று, முழங்காலையும் முழங்கையையும் லேசாக மடக்கிக்கொள்ள வேண்டும். அப்போது நம் கை, காலே ஸ்பிரிங் ஆகிவிடும். கண் முன் சக்கரத்தைப் பார்க்கக் கூடாது. பத்தடிக்கும் அப்பால் பார்க்க வேண்டும். எந்தக் கல்லைப் பார்த்துப் பயப்படுகிறோமோ அந்தக் கல்லில்தான் வண்டி போய் முட்டும்.

நீலத்தில் பிரேக் கற்க வேண்டும். என் மணிக்கட்டின் கதை இங்கேதான் விளங்கியது. இறக்கத்தில் பிரேக் பிடித்தால் எடை முன்னால் சாய்கிறது. முன் சக்கரம் தரையை அழுத்திப் பிடிக்கிறது. பின் சக்கரமோ லேசாகி, பிடித்த உடனே பூட்டிக்கொண்டு வழுக்குகிறது. ஆகவே வண்டியை உண்மையில் நிறுத்துவது முன் பிரேக்தான். "முன் பிரேக் பிடிக்காதே, குப்புற விழுவே" என்று நமக்குச் சின்ன வயசில் சொல்லி வைத்தது பாதி உண்மை. வெடுக்கென்று பிடித்தால் விழுவோம். இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, ஒரு விரலால் மெதுவாக அழுத்தினால் நிற்போம். இன்னொன்று, பிரேக் வளைவுக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். வளைவுக்குள் பிடிக்கிற பிரேக், திரும்புவதற்கு வேண்டிய உராய்வைத் தின்றுவிடும்.

சிவப்பில் வரி பிடிக்கக் கற்க வேண்டும். கற்களுக்கு நடுவே சக்கரம் எந்தக் கோட்டில் போனால் நல்லது என்று முன்னாலேயே தேர்ந்தெடுப்பது. ஏற்றம் வருமுன் கியரைக் குறைத்துவிட வேண்டும். ஏறத் தொடங்கி, செயின் இறுகிய பிறகு மாற்றினால் கடகடவென்று சத்தம்தான் மிஞ்சும். சீட்டை ஒரு பொத்தானில் இறக்கி ஏற்றும் தண்டு, முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் எல்லாம் இங்கேதான் பயன்படத் தொடங்கும்.

கறுப்பில் என்ன கற்க வேண்டும்? இறங்கி நடக்க! கேலி இல்லை. தெரியாத பாதையில் முதல் தடவை மெதுவாகப் போய்ப் பார், பயமுறுத்தும் இடத்தில் இறங்கி நின்று பார். இரண்டாம் தடவை நிதானமாக ஓட்டு. பிறகுதான் மனம்போல ஓட்டு என்று அங்கே சொல்லிக்கொடுக்கிறார்கள். நல்ல ஓட்டக்காரன் பாறைக்கு மேலே நின்று பத்து நிமிஷம் வெறுமனே பார்ப்பதை யாரும் கோழைத்தனம் என்று சொல்வதில்லை.

ஹெல்மெட் எல்லா நிறத்துக்கும் உண்டு. பச்சையிலும் தரை கல்தான்.

வாசலில் சோதனை, பக்கத்தில் மாற்றுவழி

நல்ல பாதை அமைப்பாளர்கள் இரண்டு தந்திரம் செய்கிறார்கள். ஒன்று, ஒரு பாதையின் கஷ்டமான இடத்தைத் தொடக்கத்திலேயே வைத்துவிடுவது. முதல் ஐம்பது அடியிலேயே பெரிய கல் படி வந்துவிடும். அதைக் கடக்க முடியாதவன் அங்கேயே திரும்பிவிடலாம். காட்டுக்கு நடுவே ஐந்து கிலோமீட்டர் போன பிறகு மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

இரண்டாவது, 'பி-லைன்' என்ற மாற்றுவழி. கஷ்டமான இடத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு சுலபப் பாதை போய், சற்றுத் தள்ளி மறுபடி அதே பாதையில் சேரும். டல்பீட்டி ஸ்லாப் அப்படித்தான். விரும்புகிறவர் பாறையில் இறங்கலாம், மற்றவர் விலகிப் போகலாம். இரண்டு பேரும் ஒரே பாதையைத்தான் முடிக்கிறார்கள். அடுத்த மாதம் வந்து பாறையை முயன்று பார்க்க வழி திறந்தே இருக்கிறது.

நமக்கு இதில் என்ன?

"ஸ்காட்லாந்துக் காட்டுப் பலகை நம் கேம்பஸில் எதற்கு?" என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

வழி தெரிந்த அண்ணனோ அக்காவோ கூட இருக்கிறவனுக்குப் பலகை தேவையில்லை. "அங்கே கல் இருக்கு, இடது பக்கம் ஒதுங்கிக்கோ" என்று வீட்டிலேயே சொல்லிவிடுவார்கள். பலகை வேண்டியது முதன்முதலாக அந்தக் காட்டுக்குள் போகிறவனுக்கு. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். "செமஸ்டர்னா என்னப்பா?" என்று அம்மா கேட்டபோது, எனக்கே பதில் தெரியாது. இன்டர்னல் மார்க் என்று ஒன்று இருப்பது இரண்டாவது டெஸ்ட் முடிந்த பிறகுதான் தெரிந்தது. நம்மில் என்னைப் போன்றவர்கள் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். முதல் செமஸ்டரில் நின்றுபோன சிலரின் முகம் எனக்கு நினைவுக்கு வருகிறது. அவர்களுக்குத் திறமை இல்லை என்று நான் நம்பவில்லை. எங்கே கல் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. கேட்க அவர்களுக்கும் வெட்கம்.

அதனால் நம் மாணவர் மன்றத்துக்கு ஒரு யோசனை. வருகிற ஜூனில் முதலாம் ஆண்டு மாணவர்கள் வரும்போது, நோட்டீஸ் போர்டில் நாமும் ஒரு பலகை வைப்போம். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு நிறம், இரண்டு வரி, ஒரு மாற்றுவழி. மாதிரிக்கு ஒன்று: "எஞ்சினியரிங் கிராபிக்ஸ்: சிவப்பு. புரொஜெக்ஷனில் வழுக்கும். தினம் ஒரு ஷீட் போட்டால் நீலம் ஆகிவிடும். புரியவில்லையா? மாலை நாலரைக்கு டிராயிங் ஹாலில் மூன்றாமாண்டு அண்ணன் ஒருவர் இருப்பார்." செலவு ஒரு சார்ட் பேப்பர், நாலு ஸ்கெட்ச் பேனா!

என் சர்வே அரியரை அடுத்த முறை எழுதி முடித்துவிட்டேன். குவாரிச் சரிவுக்கும் ஒரு நாள் போனேன், மாமாவின் சைக்கிளோடு, முன் பிரேக் கட்டை புதிதாக மாட்டிக்கொண்டு. மேலே நின்று பத்து நிமிஷம் பார்த்தேன். சரிவை அளந்தும் பார்த்தேன். இருபது சதவீதத்துக்கு மேல் வந்தது. இரட்டைக் கறுப்பு!

சைக்கிளை உருட்டிக்கொண்டே இறங்கினேன். கீழே நின்ற பசங்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கை முறியவில்லை.

(மூன்றாமாண்டு சிவில் மாணவன்)